உஷார்! பலகைத் தளத்தின் மேல் கல், கல்லுக்கு அடியில் கரண்ட்

பல்லேகல, குண்டசாலை, திகன பக்கம் பழைய வீட்டைத் திருத்தக் கிளம்பியிருப்பவர்களே, மேசன் பாஸிடம் முற்பணம் கொடுக்கும் முன் இதை வாசித்துவிடுங்கள். மேல்மாடிப் பலகைத் தளத்தின் மீது மாபிளோ கிரனைட்டோ பதித்து, அதற்கு அடியில் கால் சுடவைக்கும் கேபிள் விரிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், வேலை ஒரு மாதம் தள்ளிப் போனாலும் பரவாயில்லை. தளத்தைச் சோதிக்காமல் தொடங்கினால் போவது மாபிளின் விலை மட்டுமல்ல. கீழறையில் படுத்திருப்பவர்களின் தலைக்கு மேலே இரண்டு தொன் பாரம், அந்தப் பாரத்துக்குள் மின்சாரம், மின்சாரத்துக்கு மேல் தண்ணீர் என மூன்றையும் ஒரே இடத்தில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். தாங்குவது என்னவோ யாரும் பல வருடமாக எட்டிப் பார்க்காத மரச் சட்டங்கள்.

ஆசை எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்ததுதான். கொரியாவின் வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதித் திட்டம் 2004இல் தொடங்கியபோதே இலங்கை அதில் இருந்தது. மொழிப் பரீட்சை எழுதிப் போய், நாலைந்து வருடம் உழைத்துத் திரும்பியவர்களுக்குப் பனிக்கால இரவில் சூடான தரையில் விரித்துப் படுத்த சுகம் மறப்பதில்லை. டொரொன்டோவிலும் லண்டனிலும் இருக்கும் உறவினர்கள் புதுக் குளியலறையை வீடியோ அழைப்பில் காட்டும்போது, "தரையைத் தொட்டா இளஞ்சூடா இருக்கும் மச்சான்" என்று ஒரு வார்த்தை போடுவார்கள். நக்கிள்ஸ் மலைக்குப் போகும் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு அறை விடுகிறவர்களுக்கோ பக்கத்து வில்லாவில் இல்லாத ஒன்று வேண்டும். ஆசைப்படுவதில் பிழையில்லை. அங்கே அது எந்தத் தளத்தின் மேல் நிற்கிறது என்று பார்க்காமல் இங்கே செய்யத் துணிவதில்தான் ஆபத்து.

கொரியாவின் பழைய வீடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுப்பின் சூடும் புகையும் தரைக்கடியில் உள்ள கால்வாய்களில் ஓடி, மறுபக்கத்துப் புகைபோக்கியால் வெளியேறும். கால்வாய்களின் மேல் தட்டைக் கற்கள், அதன் மேல் களிமண், அதற்கும் மேல் எண்ணெய் ஊட்டிய காகிதம். ஒன்டோல் என்பார்கள். அதே வீட்டில் மாரு என்ற பலகைத் திண்ணையும் இருக்கும், அது கோடைக்கு. தரையிலிருந்து உயர்த்தி, அடியில் காற்று ஓடும்படி கட்டி, அதற்குச் சூடு காட்டாமலே விட்டுவிடுவார்கள். பனிக்குக் கல் தரை, வெயிலுக்குப் பலகைத் தரை என்று இரண்டையும் பிரித்துத்தான் அந்த மக்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாழ்ந்தார்கள். நம் பையன் படுத்துறங்கிய தொழிலாளர் விடுதியோ கொங்கிரீட் கட்டடம். சுடுநீர்க் குழாய்கள் சீமெந்துக்குள் புதைந்திருக்கும். அங்கே மரத்துக்கு வேலையே இல்லை.

"டொரொன்டோ வீடு மர வீடுதானே, அங்கே முடிகிறது, இங்கே முடியாதா?" என்று கேட்கலாம். நல்ல கேள்வி. அங்கே சட்டத்தின் ஆழம், இடைவெளி, எவ்வளவு நீளத்துக்குத் தாங்கல் இல்லாமல் ஓடுகிறது என்பதெல்லாம் கட்டும்போதே கணக்கிடப்படுகின்றன. கல் பதிப்பதென்றால் அந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறார்கள். கூரை ஒழுகுவதில்லை, கறையான் நம் ஊர் அளவுக்கு இல்லை, குளியலறைத் தரையில் யாரும் வாளியால் தண்ணீர் ஊற்றுவதில்லை. நம் மேல்மாடியின் சட்டங்களை எந்தக் காலத்திலோ யாரோ ஓர் ஆசாரி கையால் அளந்து, கண்ணால் மட்டம் பார்த்துப் போட்டிருப்பார். அவர் போட்டது ஆட்கள் நடக்க, கட்டிலும் அலுமாரியும் வைக்க. மாபிள் அவர் கணக்கில் இல்லை.

பாரக் கணக்கைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெரும்பாலானோர் இதைக் கேட்பதே இல்லை. மாபிள், கிரனைட் இரண்டும் கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,700 கிலோ. 20 மில்லிமீட்டர் தடிப்புள்ள கல் சதுர மீட்டருக்கு 54 கிலோ. கல்லுக்கு அடியில் நம் ஊர் வழக்கப்படி இரண்டு அங்குலம் சீமெந்து மணல் கலவை போட்டால் அது இன்னொரு 100 கிலோ. இரண்டும் சேர்ந்து 150ஐத் தாண்டிவிட்டது. வீட்டுத் தளங்களை வடிவமைக்கும் பொறியியலாளர்கள் ஆட்கள், தளபாடங்கள் அனைத்துக்குமாகச் சேர்த்து வைத்துக்கொள்ளும் பாரமே சதுர மீட்டருக்கு 150 கிலோ அளவுதான். அதாவது வீட்டில் ஓர் ஆளும் ஏறும் முன்பே, ஒரு கதிரை கூட வைக்கும் முன்பே, தளம் தாங்க வேண்டிய பாரம் முழுவதையும் தரையே எடுத்துக்கொண்டது. பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறை ஒன்றுக்கு இரண்டு தொன். கட்டில், அலுமாரி, விருந்தாளி எல்லாரும் இனித்தான் வர வேண்டும்.

இந்த இடத்தில் மேசன் சொல்வது எப்போதும் ஒன்றுதான். "நூறு வருஷமா நிக்குது சேர், நல்ல தேக்கு. ஒண்ணும் ஆகாது." நிற்கிறது, உண்மை. தன் சொந்தப் பாரத்தோடும் நாலு மனிதரோடும் நிற்கிறது. அதற்கு மேல் இரண்டு தொன்னை ஏற்றி யாரும் சோதித்ததில்லை. அந்தச் சோதனையை உங்கள் வீட்டில், உங்கள் செலவில், கீழே பிள்ளைகள் படுத்திருக்கும்போது நடத்த வேண்டுமா?

உடையாமல் நிற்பது போதாது, வளையாமலும் நிற்க வேண்டும். பலகை வளையும், வளைந்து நிமிரும்; மரத்தின் குணம் அது. கல்லுக்கு அந்தக் குணம் கிடையாது. வளையும் தளத்தின் மேல் ஒட்டிய மெல்லிய மாபிளின் கதி என்ன என்பதை அப்பளத்தைக் கையில் வளைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வட அமெரிக்காவின் டைல் தொழிலில் இதற்கு நெடுநாளாக ஓர் அளவு உண்டு. சாதாரண டைல் என்றால் சட்டம் தன் நீளத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் தாழக் கூடாது. இயற்கைக் கல் என்றால் 720இல் ஒரு பங்கு. பன்னிரண்டு அடி நீளச் சட்டத்துக்கு டைலில் 10 மில்லிமீட்டர் வரை விடலாம், கல்லில் 5 மில்லிமீட்டர்தான். கல் டைலை விட உறுதியானது, ஆகவே தளம் கொஞ்சம் ஆடினாலும் தாங்கும் என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் இந்த எண்ணை இரண்டு தரம் வாசிக்கவும். கல்லுக்குள் இயல்பிலேயே நரம்புகளும் பலவீனமான கோடுகளும் ஓடுகின்றன. அந்தக் கோட்டில்தான் அது பிளக்கும்.

பல்லேகலவில் உலக நில அதிர்வு அவதான வலையமைப்பைச் சேர்ந்த நிலையம் ஒன்று இருக்கிறது; ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் பூமி நடுங்கினாலும் அங்கே பதிவாகும். 2020இல் ஹாரகம பக்கத்தில் சிறு அதிர்வுகள் வந்தபோது ஊர் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் நம் மேல்மாடியில் பேரப்பிள்ளை குதிக்கும்போது அலுமாரிக்குள் பீங்கான் கிலுகிலுக்கிறதே, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எடுங்கள். அறையின் நடுவில் ஒரு தட்டு நிறையத் தண்ணீர் வைத்து, பாரமான ஓர் ஆளைப் பக்கத்தில் குதிகாலை ஊன்றி நடக்கச் சொல்லுங்கள். தண்ணீர் தளும்புகிற தளம் கல்லுக்கு லாயக்கில்லாத தளம். தளும்பாவிட்டால் தளம் தேறிவிட்டது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம்; இனிப் பொறியியலாளரைக் கூப்பிடலாம் என்றுதான் அர்த்தம்.

சட்டங்களை வலுப்படுத்துவதிலும் ஒரு கணக்கு உண்டு. பழைய சட்டத்தின் பக்கத்தில் அதே அளவில் இன்னொன்றைச் சேர்த்துப் போல்ட் போட்டால் விறைப்பு இரண்டு மடங்காகும். அதே மரத்தில் சட்டத்தின் உயரம் இரண்டு மடங்காக இருந்தாலோ விறைப்பு எட்டு மடங்கு. ஆழம்தான் சட்டத்தின் உயிர். இதைத் தெரிந்துகொண்டால் எவ்வளவு பெரிய கொடுமை தளங்களில் நடக்கிறது என்பதும் புரியும்: தண்ணீர்க் குழாய் கொண்டுபோக வேண்டும் என்று சட்டத்தின் மேல்விளிம்பில், அதுவும் நடு அறையில், ஒரு கையகலத்துக்கு வெட்டிவிட்டுப் போவார்கள். பிரித்தானியாவில் பின்பற்றப்படும் விதி, மேலிருந்து வெட்டும் பள்ளம் சட்டத்தின் ஆழத்தில் எட்டில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, சுவரிலிருந்து நீளத்தின் கால் பங்குக்குள்தான் வெட்டலாம், நடுப்பக்கம் கூடவே கூடாது என்கிறது. உங்கள் தளத்தைத் திறந்து பார்க்கும்போது இப்படிப்பட்ட வெட்டுகள் இருந்தால், கல்லை மறந்துவிட்டு முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

ஆம், திறந்துதான் பார்க்க வேண்டும். மேலிருந்து தட்டிப் பார்த்தால் போதாது. சுவருக்குள் நுழையும் சட்ட முனைகள்தான் முதலில் இற்றுப்போகும். வெளிச்சுவர் மழையில் நனைந்து, ஈரம் அந்த முனை வழியாக மரத்துக்குள் ஏறும். கறையானும் அதே பாதையில் வரும். ஒரு கூரான ஸ்குரூ டிரைவரை எடுத்து ஒவ்வொரு முனையிலும் குத்திப் பாருங்கள். வெண்ணெயாக இறங்கினால் அந்தச் சட்டம் பெயருக்குத்தான் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே: கீழிருந்து சீலிங்கைத் திறப்பதானால், அது பழைய தட்டை அஸ்பெஸ்டஸ் தகடா என்று முதலில் பாருங்கள். நம் நாட்டில் கூரைக்கும் சீலிங்குக்கும் அது தாராளமாகப் பயன்பட்டது. வெட்டும் இயந்திரம் வைத்துக் கிழித்தால் பறக்கும் நுண்ணிய நார் நுரையீரலில் போய் உட்கார்ந்துவிடும். உடைக்காமல், நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். முகக்கவசம் துணி முகக்கவசமாக இருக்கக் கூடாது.

சூடு வந்தால் கதை இன்னும் மாறுகிறது. கண்டிக் காற்றில் ஈரம் அதிகம். இங்கே திறந்திருக்கும் மரம் அந்த ஈரத்தைக் குடித்து ஊறியே இருக்கிறது. அடியில் கேபிள் போட்டுச் சூடாக்கினால் ஈரம் வெளியேறும், மரம் ஒடுங்கும். ஆறு அங்குல அகலப் பலகை ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஒடுங்குவது சாதாரணம். அணைத்துவிட்டால் மழைக்காலத்தில் மறுபடி ஊதும். மேலே ஒட்டியிருக்கும் கல்லோ பத்துப் பாகை சூட்டுக்கும் மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அசைந்தால் அதிகம். ஒன்று நகர்கிறது, மற்றது நகர மறுக்கிறது. நடுவில் மாட்டிக்கொள்வது பசை. பசை விட்டால் கல் பொய்யாக நிற்கும். பசை விடாவிட்டால் கல் பிளக்கும். ஒவ்வொரு முறை சுவிட்சைப் போட்டு அணைக்கும்போதும் இந்த இழுபறி ஒரு சுற்று நடக்கிறது.

மரம் சூட்டையே தாங்காது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகளின் கொழுந்து வாட்டும் மாடிகளை நினைத்துப் பாருங்கள். உலர்த்தும் அறையிலிருந்து வெதுவெதுப்பான காற்றை மேலே இழுத்து, மணிக்கணக்கில் கொழுந்தை வாட்டிய மாடிகள் அவை. கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானயில் 1925இல் கட்டிய நான்கு மாடித் தொழிற்சாலை இன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. கந்தப்பளையில் பழைய ஹெதர்செட் தொழிற்சாலை 1990களில் ஹோட்டலாகி, வாட்டு மாடிகளில் விருந்தினர் அறைகள் வந்துவிட்டன. அத்தகைய மாடிகளில் மரம் பிழைத்ததற்குக் காரணம், அது மூடப்படாமல் இருந்ததுதான். மேலும் காற்று, கீழும் காற்று. ஈரம் ஏறினாலும் இறங்கினாலும் இரு பக்கமும் சமமாக ஏறி இறங்கும். நாம் செய்யப் பார்ப்பது அதற்கு நேர்மாறு: மேற்பக்கத்தைக் கல்லாலும் பசையாலும் அடைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சூடேற்றுவது.

அப்படியானால் சரியான வழி எது? நுவரெலியாவில் வீடிருந்து, ஜனவரியில் புல்லில் உறைபனி பார்த்து, கட்டாயம் வேண்டும் என்று நிற்பவர்களுக்காகச் சொல்கிறேன். சட்டங்கள் பொறியியலாளர் கையால் தேறிய பிறகு, இடையிடையே குறுக்குக் கட்டைகள் அடித்து ஆட்டத்தை நிறுத்த வேண்டும். பழைய பலகையின் மேல் நேரடியாக எதையும் ஒட்டக் கூடாது. வெளிப்புறத் தரப் பிளைவுட்டை, மூட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று வராதபடி, ஆணியால் அல்ல, ஸ்குரூவால் இறுக்க வேண்டும்; கல்லுக்கு இரண்டு அடுக்கு. அல்லது டைலுக்கென்றே வரும் சீமெந்துப் பூச்சுப் பலகைகள். அதன் மேல் சூடு கீழே இறங்காதபடி மெல்லிய காப்புப் பலகை. அது இல்லாவிட்டால் நீங்கள் கட்டும் கரண்ட் பில்லில் பெரும்பங்கு கீழறைச் சீலிங்கைச் சூடாக்கும். அதற்கு மேல், மரத்தின் அசைவைக் கல்லுக்குக் கடத்தாத பிரிப்பு விரிப்பு. கேபிளைச் செருகும் பள்ளங்களோடேயே வருகிற விரிப்புகளும் உண்டு. பசை வளைந்துகொடுக்கும் வகையாக இருக்க வேண்டும். சுவரைச் சுற்றி இடைவெளி விட்டு, அதைச் சீமெந்தால் அடைக்காமல் சிலிக்கோனால் நிரப்ப வேண்டும். இப்படிச் செய்தால் சீமெந்துக் கலவையின் 100 கிலோ இல்லாமல் போய், பாரமும் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

இதெல்லாம் எதற்கு, பலகை மேல் பொலித்தீன் விரித்து, கோழி வலை போட்டு, இரண்டு அங்குலம் சீமெந்து ஊற்றினால் முடிந்ததே என்று யாராவது சொன்னால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள். கல் வாங்கும்போதும் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நைலோன் வலை ஒட்டி, பிசின் பூசி வரும் கற்களில் சாதாரண சீமெந்துப் பசை பிடிக்காது. கடும் பச்சை நிறக் கற்கள் சில, பசையின் ஈரத்திலேயே வில்லாக வளையும். வெள்ளை மாபிளுக்குச் சாம்பல் நிறப் பசை போட்டால் கறை மேலே தெரியும்.

இப்போது தண்ணீர். எனக்கு மிகவும் பயம் தரும் விஷயம் இதுதான். ஐரோப்பியக் குளியலறையில் ஷவர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள். தரை காய்ந்தே இருக்கும், அதனால்தான் அங்கே கால்மிதி விரிப்பும் சூடான தரையும் ஒத்துப்போகின்றன. நம் குளியலறை முழுவதுமே ஈரம். வாளியால் அள்ளிக் குளிப்போம். தைப்பொங்கல், தீபாவளிக்கு வீடு கழுவுவதென்றால் ஹோலையும் சேர்த்துத்தான். கல்லுக்கு இடையிலுள்ள பூச்சு தண்ணீரை விடாது என்று பலர் நினைக்கிறார்கள். விடும், மெதுவாக, நாள்தோறும் விடும். கொங்கிரீட் தளத்தில் அது ஒரு கறையோடு போய்விடும். பலகைத் தளத்தில் அந்தத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. கல்லுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவில் தங்கி, கேபிளின் இளஞ்சூட்டில் ஆவியாகி, மரத்துக்குள் ஏறும். ஈரம், வெதுவெதுப்பு, இருட்டு, மரம் இவை நான்கும் கறையானுக்கு நாம் கட்டிக்கொடுக்கும் மாளிகை. முன்பு பலகை வெளியே தெரிந்தது. கிறீச்சிட்டது, கறுத்தது, மண்பாதை கண்ணில் பட்டது. கல் பதித்த பிறகு மரம் என்ன சொன்னாலும் உங்கள் காதில் விழாது.

ஆகவே மேல்மாடிப் பலகைத் தளத்தில் குளியலறை அமைப்பவர்கள், கல்லை நம்பாமல், கல்லுக்கு அடியில் உள்ள நீர்க்காப்புப் படலத்தை நம்புங்கள். அது தரையோடு நின்றுவிடாமல் சுவரில் ஆறு அங்குலமாவது ஏற வேண்டும். வடிகாலை நோக்கிய சரிவு அந்தப் படலத்திலேயே இருக்க வேண்டும். பசையைக் கூட்டிக் குறைத்துச் சரிவு எடுப்பது மோசடி வேலை. கேபிள் விரிக்கும் முன், வடிகாலை அடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஒரு பகல் ஒரு இரவு வைத்துக் கீழிருந்து பாருங்கள். ஒரு துளி கசிந்தாலும் வேலையை நிறுத்துங்கள்.

மின்சாரத்துக்கு வருவோம். கேபிள் பாய்கள் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 150 வாட் அளவில் வருகின்றன. ஆறு சதுர மீட்டர் அறைக்கு 900 வாட். நம் 230 வோல்ட்டில் அந்தப் பாயின் தடை 59 ஓமுக்குக் கிட்ட இருக்க வேண்டும். பெட்டியைத் திறந்ததும் ஒரு தரம், விரித்த பின் ஒரு தரம், கல் பதித்த பின் ஒரு தரம் அளந்து எழுதி வையுங்கள். எண் மாறினால் எங்கோ வெட்டுப்பட்டிருக்கிறது. மேசனின் கரண்டி முனை பட்டாலே போதும். பாய் நீளமாக இருக்கிறது என்று கேபிளை வெட்டிச் சுருக்கக் கூடாது. தடை குறைந்து மின்னோட்டம் கூடி, மரத்துக்கு மேலே கம்பி கொதிக்கும். ஒரு வரி கேபிள் இன்னொன்றின் மேல் ஏறக் கூடாது. பதித்த அலுமாரிக்கும் கொமோடுக்கும் அடியில் விரிக்கக் கூடாது. கல் பதித்ததும் ஆசையில் சுவிட்சைப் போட்டுப் பார்க்கக் கூடாது. பசை நன்றாக இறுகச் சில நாள் வேண்டும், சீமெந்துத் தளமென்றால் 21 நாள்.

எல்லாவற்றுக்கும் மேல், 30 மில்லி அம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச். பழைய வீடுகள் சிலவற்றில் அதுவே இருக்காது. இருந்தாலும், சித்திரை இடியிலும் ஐப்பசி மின்னலிலும் அடிக்கடி விழுகிறதென்று அதைத் தாண்டி நேராக இணைத்துக் கொடுக்கும் கெட்டிக்காரர்கள் உண்டு. நனைந்த தரைக்குள் கரண்ட் கேபிள் வைத்திருக்கும் வீட்டில் அப்படிச் செய்வது கொலைக்குச் சமம். தேசிய தொழிற்தகைமைச் சான்றுள்ள எலக்ட்ரீஷியனைத் தவிர வேறு யாரும் இந்த வேலையில் கை வைக்க வேண்டாம், மைத்துனனாக இருந்தாலும்.

தெர்மோஸ்டாட்டின் உணரி தரைக்குள், இரண்டு கேபிள் வரிகளுக்கு நடுவில், குழாய்க்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். பழுதானால் கல்லை உடைக்காமல் இழுத்தெடுக்கலாம். ஐரோப்பிய நியமப்படி ஆட்கள் இருக்கும் அறையில் தரைச் சூடு 29 பாகையைத் தாண்டக் கூடாது, குளியலறையில் 33. அடியில் மரம் இருப்பதால் 27இல் நிறுத்துவது புத்தி. இன்னொன்று, பெரஹராவுக்கு உறவினர் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஹோல் முழுக்க மெத்தை விரிப்போம். சூடான தரையின் மேல் தடித்த மெத்தை போட்டால் சூடு வெளியேற வழியில்லாமல் அங்கேயே குவியும்; உணரி வேறோர் இடத்தில் இருந்தால் அதற்குத் தெரியாது. மெத்தையில் படுத்திருப்பது கைக்குழந்தையோ, சர்க்கரை வியாதியால் கால் உணர்விழந்த பெரியவரோ என்றால், சுடுகிறதென்று சொல்லக்கூட முடியாது. இளஞ்சூடும் மணிக்கணக்கில் பட்டால் தோலைப் பொசுக்கும். மெத்தை விரிக்கும் நாளில் சுவரிலுள்ள பிரதான சுவிட்சையே அணைத்துவிடுங்கள்.

இவ்வளவும் சரியாகச் செய்தாலும், பல்லேகலவுக்கு இது தேவையா? நம் ஊர் சுமார் 450 மீட்டர் உயரம். ஜனவரி விடியலில் 18 பாகை வரை இறங்கும், பத்து மணிக்கு வெயில் சுள்ளென்று அடிக்கும். பலகைத் தளத்தில் வெறுங்காலோடு நின்றால் குளிராது. அதே அறையில், அதே வெப்பநிலையில் உள்ள மாபிளில் நின்றால் குளிரும். மாபிள் நம் காலின் சூட்டை மரத்தை விடப் பல மடங்கு வேகமாக உறிஞ்சிக்கொள்வதே காரணம். ஆக, குளிராத தரையைக் குளிரும் கல்லால் மூடிவிட்டு, அந்தக் குளிரைப் போக்க அடியில் கரண்ட் கொடுக்கிறோம். 900 வாட் பாய் நாளுக்கு நான்கு மணி நேரம் முழுதாக எரிந்தால் 3.6 அலகு, மாதம் 108 அலகு. உங்கள் வீட்டுப் பில் ஏற்கெனவே நூறைத் தொடுகிறதென்றால், இது உங்களை 180ஐத் தாண்டித் தூக்கிப்போய் அலகுக்கு உச்ச விலை கட்டும் படியில் உட்கார்த்தும். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் வெட்டிய நாட்டில், தரையைச் சூடாக்கும் யோசனைக்கு ஒரு தைரியம் வேண்டும்தான். பலகையைத் தேய்த்து, எண்ணெய் ஊட்டி, மேலே ஒரு பாய் விரித்துக்கொண்டால் ஜனவரி போய்விடும் என்பது என் கட்சி.

ஏற்கெனவே பதித்துவிட்டவர்கள் பதற வேண்டாம், ஆனால் கவனியுங்கள். கல்லில் நேர்கோடாக, சம இடைவெளியில் விரிசல் ஓடினால் அது கல்லின் பிழையல்ல. அடியிலுள்ள சட்டங்களின் வரிசை அது. விரலால் தட்டும்போது பொய்ச் சத்தம் வரும் கற்களைப் பென்சிலால் குறித்து, மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறதா என்று பாருங்கள். கீழறைச் சீலிங்கில் மஞ்சள் வட்டம், சுவரோரம் மண்பாதை, குளித்த பின் மட்டும் விழும் ட்ரிப் சுவிட்ச், எரிந்த வாடை இவற்றில் எது வந்தாலும் தரைக்கான பிரேக்கரை இறக்கி, மறுபடி போட முடியாதபடி டேப் ஒட்டுங்கள். சுவர் ஓரத்திலும் கதவடியிலும் துளை போட வருபவர்களுக்கு அடியில் கேபிள் இருப்பதைச் சொல்லுங்கள்; விரித்தபோது எடுத்த படம் இருந்தால் அதைக் காட்டுங்கள். கல்லைப் பெயர்க்கத்தான் வேண்டும் என்று முடிவானால், மேலே சம்மட்டி விழும் முன் கீழிருந்து சீலிங்கைக் கழற்றிச் சட்டங்களைப் பாருங்கள். அவை இற்றிருந்தால் முதலில் கீழறையைக் காலி செய்து முட்டுக் கொடுக்க வேண்டும். மேலே ஆள் ஏறுவது அதற்குப் பிறகுதான்.